தையல்கூடத்தில் தொழிலாளர் யாருமில்லை

சிறையின் தையல்கூடத்தில் துணி வெட்டும் கைதியை எல்லோரும் கத்திரியக்கா என்பார்கள். ஏழு வருஷமாக ஆஸ்பத்திரி அங்கிகளை வெட்டி வெட்டி, நாடா இல்லாமலே அளவு சொல்லுமளவுக்குக் கண் பழகிவிட்டது. வம்புதும்புக்குப் போகாதவள். விடுதலைக்குப் பத்து மாதம்தான் பாக்கி.

ஒருநாள் காலை மூன்றாவது மெஷினில் தைக்கும் சிட்டுவின் ஆள்காட்டி விரலில் ஊசி நகத்தோடு இறங்கி ஒடிந்தது. இரண்டு மாதத்தில் கூடத்தில் இது நான்காவது விரல். மதியமே, கைதாகும் முன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் ஒரு தாளை எடுத்தாள். மெஷினுக்கு விரல் காப்பு வேண்டும், தொழிலாளர்களாகிய நாங்கள் சங்கம் வைக்க அனுமதி வேண்டும் என்று எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக் கேட்டாள்.

கத்திரியக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விரல் காப்பு சரி. தண்டனைக்கு வந்த இடத்தில் தான் எப்படித் தொழிலாளி ஆவாள்? பார்க்க வந்த தம்பியிடம் கேட்டாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பத்து மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு அக்கா. நன்னடத்தைச் சலுகைய வெட்டிட்டாங்கன்னா உன் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அது நியாயமாகத்தான் பட்டது. கூடத்துக்குத் திரும்பினால், சிட்டு கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கமும் நியாயமாகப் பட்டது. எந்த முடிவுக்கும் வராமலே கத்திரியக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஜெயிலர் எல்லோரையும் நிற்கவைத்துப் பதிலைப் படித்தார். இந்த வளாகத்தில் தொழிலாளர் யாருமில்லை, ஆகவே சங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மறுநாள் கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜெயிலர் ஓடிவந்து, வேலைநிறுத்தம் செய்யத் தூண்டியது யார் என்று கேட்டார்.

"தொழிலாளியே இல்லேன்னு நேத்துப் படிச்சீங்களேய்யா," என்றாள் கத்திரியக்கா. "அப்புறம் இது எப்படி வேலைநிறுத்தம் ஆகும்?"

மடக்குவதற்காகக் கேட்கவில்லை; நிஜமாகவே விளங்கவில்லை.

பத்தாம் நாள் எல்லா மெஷினுக்கும் விரல் காப்பு வந்தது. மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீச்சரை வேறு சிறைக்கு மாற்றினார்கள். கத்திரியக்காவின் விடுதலை மூன்று மாதம் தள்ளிப்போனது. காரணம் கேட்டால் சிறை அலுவலக எழுத்தருக்கும் தெரியவில்லை.

ஜெயித்தோமா தோற்றோமா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். சிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர் போயிட்டாங்க. இனிமே சங்கத்துக்கு யாருக்கா தலைவி?"

"சங்கம்னு ஒண்ணு இருக்கா என்ன?" என்றாள் கத்திரியக்கா.

பதிலாக, கூடமே ஒன்றுபோல மெஷினை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது.