தொகினேயில் இரண்டு நிமிடம்

"கடிகாரம் வேண்டாங்க" என்றார் அன்ஸாய்.

சவப்பெட்டியில் அப்பாவின் வலது கைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே ஸ்டாப்வாட்ச்சை வைக்கப்போன சிகுசாவின் கை அப்படியே நின்றது.

"கண்ணாடி, உலோகம் எதுவும் பெட்டிக்குள்ள போகக்கூடாது. மயானத்துல..." அவர் முடிக்கவில்லை. இறுதிச் சடங்குக் கூடத்தின் பொறுப்பாளர் அவர். எந்த வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்.

"காகிதம் வைக்கலாமா?"

"தாராளமா வைங்க."

சிகுசா ஸ்டாப்வாட்ச்சைக் கறுப்புக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்திரண்டு. பதினொரு மணிக்குப் பெட்டியை மூடி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தம்பி கோஹெய் இன்னும் வரவில்லை. மூடியபிறகு அப்பாவின் முகத்தை யாராலும் பார்க்க முடியாது.

"அவன் பொறந்ததே பத்து நாள் லேட்டு" என்றாள் ஃபுமியே அத்தை, கைக்குட்டையை மடித்தபடி. "இன்னைக்கு மட்டும் சரியா வந்துடப்போறானா?"

"ரயில் நடுவழியில நின்னுபோச்சு அத்தை. மான் அடிபட்டுடுச்சாம். இப்பக் கிளம்பிடுச்சு. பத்து ஐம்பத்தெட்டுக்கு நம்ம தொகினே ஸ்டேஷனுக்கு வந்துடும்னு செய்தி அனுப்பியிருக்கான்."

"மானா! உங்கப்பன் இருந்திருந்தா மானுக்கும் மார்க் குறைச்சிருப்பான்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அத்தை சொன்னது பொய்யில்லை. அப்பா எய்ஜி முப்பத்தோரு வருடம் வீடு வீடாக எரிவாயு சிலிண்டர் போட்டவர். ரயில் ஓட்டியதே இல்லை. ஆனால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்து ரயில் ஓட்டுவார். ஒரு விநாடி தாமதமாக நின்றால் விளையாட்டு மதிப்பெண்ணைக் குறைக்கும். ஒரு விநாடி முன்னதாகக் கிளம்பினால் இன்னும் அதிகமாகக் குறைக்கும். நூற்றுக்கு நூறு வாங்கி அலுத்தபின், தங்கள் ஊர்ப் பாதைக்கு அவரே கால அட்டவணை தயாரித்து, மற்றவர்கள் ஓட்டுவதற்காக இணையத்தில் போட்டுவந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கோஹெய் தூங்கிப்போய் ஒரு வேலைத் தேர்வைத் தவறவிட்டான். "நேரத்துக்கு எழுந்திருக்கத் தெரியாதவன் எதுக்கும் ஆகமாட்டான்" என்றார் அப்பா. பையை எடுத்துக்கொண்டு போனவன் அவரிடம் அதன்பின் பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. இருவருக்கும் நடுவே தான் ஏதாவது செய்திருக்கலாமோ என்று சிகுசா பலமுறை நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி.

அந்த வருடக் கடைசியில்தான் 'கறி பன்' என்ற பெயரில் ஒருவன் அப்பாவின் அட்டவணைக்குக் குறை எழுத ஆரம்பித்தான். 'தொகினேயில் காலை நேரத்தில் ரயில் இருபது விநாடி நின்றால் எப்படிப் போதும்? மழை பெய்தால் எல்லாரும் கூரைக்கடியிலேயே நிற்பார்கள். ஒரே கதவில் ஏறுவார்கள். நிஜ ரயிலில் மனிதர்கள் ஏறுகிறார்கள், ஐயா.'

"எனக்குச் சொல்ல இவன் யாரு?" என்று அன்றைக்கு அப்பா கத்தினார். அடுத்த மழைநாளில் ஸ்டாப்வாட்ச்சோடு தொகினே நடைமேடைக்குப் போய் நனைந்து திரும்பினார். எல்லாரும் ஏறி முடிக்க முப்பத்து நாலு விநாடி. 'நீங்கள் சொன்னது சரி. திருத்திவிட்டேன்' என்று பதில் எழுதினார். வீட்டில் யாரிடமும் அவர் சொல்லாத வாக்கியம் அது. பிறகு ஐந்து வருடம் அந்த இரண்டு பேரும் விநாடிகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கடைசியாகத் திருத்திய அட்டவணையைச் சிகுசா காலையில் அச்செடுத்திருந்தாள். பெட்டிக்குள் வைப்பதற்காக அதைப் பிரித்தபோதுதான் அடியில் இருந்த குறிப்பு கண்ணில் பட்டது.

'தொகினே, மாலை ரயில்: இரண்டு நிமிடம் நிற்கவும். அதற்குமுன் கிளம்பினால் மதிப்பெண் கிடையாது. மேம்பாலத்தில் முப்பத்தெட்டுப் படி. முழங்கால் உடைந்தவன் ஓடிவர நேரம் வேண்டும்.'

பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆடி வலது முழங்காலை உடைத்துக்கொண்டவன் கோஹெய். பள்ளி விட்டதும் தொகினே கடையில் கறி பன் வாங்கித் தின்றுகொண்டே வருகிறவனும் அவன்தான். ஐந்து வருடம் அப்பாவோடு அதே வீட்டில் இருந்தும், அந்தக் 'கறி பன்' இவன்தான் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை?

மணி பத்து ஐம்பத்தொன்பது. அன்ஸாயின் ஆட்கள் இரண்டு பேர் மூடியின் இரு முனைகளையும் பிடித்தார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் சிகுசா. தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவள் நினைக்கவில்லை. "என் தம்பி ரயில விட்டு இறங்கிட்டான். வந்துட்டே இருக்கான்."

"ஐயோ, மயானத்துல பதினொண்ணரைக்கு நேரம் குறிச்சிருக்கு சிகுசா" என்றாள் அத்தை. "அது தவறினா நாளைக்குத்தான்."

சிகுசா அன்ஸாயைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வழி பதினெட்டு நிமிஷம். இறக்கி வைக்க அஞ்சு. பதினொண்ணு ஏழுக்குக் கிளம்பினாப் போதுங்க. யாருகிட்டயும் சொல்றதில்ல. சொல்லிட்டா அந்த ஏழு நிமிஷமும் மிஞ்சாது."

மூடி மறுபடி சுவரில் சாய்க்கப்பட்டது.

பதினொன்று ஐந்துக்கு வாசலில் டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கோஹெய் வலது காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். டை தோளுக்குப் பின்னால் கிடந்தது.

"பாலத்துலயே மூச்சு வாங்கிடுச்சுக்கா."

"தெரியும். வா."

அவன் பெட்டியருகே நின்றான். அப்பாவின் கைகளில் வெள்ளைக் கையுறை இருந்தது. சிகுசா காகிதத்தை நீட்டி, அடியில் இருந்த குறிப்பை விரலால் காட்டினாள். அவன் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"நான்தான்னு எப்பக்கா கண்டுபிடிச்சாரு?"

"தெரியலடா. என்கிட்டயும் சொல்லல."

காகிதத்தை நாலாக மடித்து, கையுறையின் அடியில் அவனே செருகினான். விரல்கள் அங்கேயே கொஞ்சம் தங்கின.

"ரெண்டு நிமிஷம்லாம் ரொம்ப அதிகம்" என்றான், அப்பாவைப் பார்த்து. "ஒண்ணரை போதும்."

"அவன்கிட்டயே பேரம் பேசுறான் பாரு" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, மடித்த கைக்குட்டையை அவனிடம் நீட்டினாள்.

பதினொன்று ஏழுக்கு வண்டி நீளமாக ஹாரன் அடித்துக் கிளம்பியது. கோஹெய் முன்னிருக்கையில் அப்பாவின் படத்தை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். சிகுசா பின்னால் உட்கார்ந்தாள். பையில் ஸ்டாப்வாட்ச் கனத்தது.

தொகினே நிலையத்தின் முன்னால் சிவப்பு விளக்கு. பச்சை விழுந்தபின்னும் ஒரு பெரியவர் தள்ளுவண்டியோடு பாதி சாலையில் இருந்தார். ஓட்டுநர் காத்திருந்தார். பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

பெரியவர் நடைபாதையில் ஏறியதும், படச் சட்டத்தின் மேலிருந்த கோஹெயின் சுட்டுவிரல் ரயில் ஓட்டுநர்கள் கிளம்புமுன் சிக்னலைச் சுட்டி உறுதிசெய்வதுபோலப் பச்சை விளக்கை நோக்கி மெதுவாக உயர்ந்து, மறுபடி சட்டத்தின் மேல் படிந்தது.