மழையில் காது நனையாமல்

மழைக்காகக் காத்திருந்தே மூன்று சனிக்கிழமைகள் வீணாய்ப் போயின. மற்ற நாளெல்லாம் பினாங்கில் கொட்டித் தீர்க்கும். சனிக்கிழமை விடிந்தால் வானம் துடைத்து வைத்தது போல் இருக்கும். நான்காவது சனிக்கிழமை காலை ஷர்மினி டத்தோ கிராமாட்டில் தன் வீட்டுச் சன்னலைத் திறந்தபோது கொடிமலையைக் காணவில்லை. மலை இருந்த இடத்தில் சாம்பல் நிற மேகம் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மழை வருதுன்னு சந்தோஷப்பட்டு மலை ஏறப் போற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றான் அவள் கணவன் யுகேந்திரன், காப்பியை ஊதிக்கொண்டே. சொல்லிவிட்டு அவனே எழுந்து போய் அவள் தண்ணீர் போத்தலை நிரப்பி வைத்தான்.

ஷர்மினிக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய காதுகளையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இருந்தால் பேச்சு கேட்கும். இல்லாவிட்டால் எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலிருக்கும். மெஷினுக்கு ஆகாதது ஈரம். அதனால் முதல் தூறல் விழுந்ததுமே இரண்டையும் கழற்றி, கைப்பையில் இருக்கும் சின்ன டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். இருபத்தைந்து வருடமாக அவள் நனைந்த மழையெல்லாம் சத்தமில்லாத மழை. வீட்டுக்குள் இருந்து கேட்டதுண்டு. அது கூரையின் சத்தம். மழைக்குள்ளேயே நின்று கேட்பது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மலை ஏறும் யோசனை ரொஸ்னாவுடையது. ரொஸ்னாவும் ஷர்மினியும் கடலுக்கு அப்பால் பத்து காவான் என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். ஒன்பது வருடமாக ஒரே பஸ் ஸ்டாப், ஒரே தொழிற்சாலை பஸ், பஸ்ஸில் ஒரே இருக்கை. ரொஸ்னா ஆறு வயது மூத்தவள், ஹமீதின் மனைவி. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஏப்ரல் மாதம் ஒருநாள் பஸ் கடல் பாலத்தைத் தாண்டும்போது, அக்டோபரில் சபாவுக்குப் போய் கினபாலு மலை ஏறலாம் என்றாள்.

"நான் வரலக்கா. அங்க மத்தியானமானா மழையாம். மெஷினைக் கழட்டிட்டா பின்னால கல்லு உருண்டாக்கூட எனக்குத் தெரியாது."

"அப்ப காது நனையாம மழையில நடக்க முடியுமான்னு மொதல்ல பாத்துருவோம்லா. கொடிமலை என்னத்துக்கு இருக்கு?"

அப்படித்தான் தொடங்கியது. ரொஸ்னா அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், எட்டு மழைச்சட்டைகளைப் போட்டுப் பார்க்க வைத்து, ஒன்பதாவதை வாங்க வைத்தாள். நீல நிறம். தொப்பிக்கு முன்னால் சின்னக் கூரை போல ஒரு விளிம்பு. பின்னால் இழுத்துக் கட்ட ஒரு கயிறு. இரண்டு அக்குளிலும் திறந்து மூட ஜிப்.

"பருத்திச் சட்டை போடாதே. வேர்வையைக் குடிச்சுட்டு ஒடம்போட ஒட்டிக்கும். மழை வெளியிலேருந்து மட்டும் நனைக்காது ஷர்மி. எல்லாத்தையும் மூடிக்கிட்டு ஏறுனா உள்ளேருந்து நனைஞ்சுருவ" என்றாள் ரொஸ்னா. கூடவே தன் பையிலிருந்து, முக்காட்டுக்கு அடியில் போடும் மெல்லிய கறுப்புத் துணித் தொப்பி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். "இது நாங்க துடோங்குக்கு உள்ள போடுறது. அனாக் துடோங். தலை வேர்வையை இழுத்துக்கும். மழைச்சட்டைத் தொப்பி ஒன் மெஷினை உரசாது."

தாவரப் பூங்காவுக்குப் பக்கத்தில், மலைப்பாதை தொடங்கும் பழைய வட்ட வாசலை இருவரும் அடைந்தபோது மணி எட்டரை. முதல் நூறு படி ஏறுவதற்குள் மழை வந்தது. இடி இல்லை, காற்று இல்லை. யாரோ மேலே ஒரு பெரிய துணியை மெதுவாகப் பிழிவது போல், நிதானமான மழை.

ஷர்மினிக்குப் பயம் வந்துவிட்டது. சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்தது. தொப்பியை இழுத்துக் கட்டினாள், கழுத்து வரை ஜிப்பை ஏற்றினாள், கைப்பட்டியை இறுக்கினாள், அக்குள் ஜிப்பைத் திறக்கவேயில்லை. வேகமாகவும் ஏறினாள். கால் மணி நேரத்தில் சட்டைக்குள் இட்லிப் பானை போல ஆகிவிட்டது. வேர்வை நெற்றியிலிருந்து காதோரமாக இறங்கியது. தொப்பியின் மேல் மழை எண்ணெய்ச் சட்டியில் வடை போடுவது போல் பொரிந்தது. துணி மெஷினை உரசி உரசிக் காதுக்குள் காகிதம் கிழிந்தது. பிறகு வலது பக்கம் கரகரவென்று இரைந்துவிட்டு அடங்கிப்போனது.

வழியில் நடைப்பயணிகளுக்காகக் கட்டியிருந்த சிறு பொண்டோக் ஒன்றுக்குள் இருவரும் ஒதுங்கினார்கள். நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். ஷர்மினி இரண்டு மெஷினையும் கழற்றி, டப்பாவில் போட்டு மூடி, ரொஸ்னாவிடம் ஆட்டிக் காட்டினாள். முடியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். ரொஸ்னா அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறேன், மூச்சு வாங்கிவிட்டு வா என்று கையால் காட்டிப் படியேறினாள். அவளுடைய ஆரஞ்சுச் சட்டை இரண்டு திருப்பம் வரை தெரிந்தது. பிறகு மரங்களுக்கு நடுவே மேகம் இறங்கி அதை மறைத்தது.

தனியாக நின்றபோது ஷர்மினிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஒன்பதாவது சட்டையை வாங்கியது மூடிக்கொண்டு வேகவா? சட்டையைக் கழற்றி உதறினாள். பையிலிருந்த துண்டால் கழுத்தையும் காதின் பின்புறத்தையும் ஈரம் போகத் துடைத்தாள். மெஷின்களையும் துடைத்து, ஊதி, கொஞ்ச நேரம் உலர விட்டாள். பிறகு அவற்றை மாட்டிக்கொண்டு, அதன் மேல் ரொஸ்னாவின் மெல்லிய தொப்பியைப் போட்டாள். மழைச்சட்டையை மறுபடி அணிந்து, அக்குள் ஜிப் இரண்டையும் இடுப்புப் பக்கம் வரை திறந்தாள். மழைத்தொப்பியை இறுக்காமல், விளிம்பு மட்டும் நெற்றிக்கு மேல் நிற்கும்படி விட்டாள். குளிர்ந்த காற்று இரண்டு விலாவிலும் உள்ளே புகுந்து வெளியே போனது. வலது மெஷினும் உயிர் பெற்றது.

அவள் பொண்டோக்கை விட்டு இறங்கினாள்.

முதலில் ஒரே இரைச்சல். நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இரைச்சல் பிரிந்தது. தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரே பச்சையாய்த் தெரியும் மின்சுற்றுத் தகடு, கண் பழகப் பழகக் கோடுகளாகப் பிரிவது போல. காட்டுச் சேம்பின் இலையில் விழும் மழை தட்டையாக அறைந்தது. மூங்கில் புதரில் அது சலசலவென்று கீழே ஓடியது. சிமெண்டுப் படியில் சொட்டியது ஒரு சத்தம், மண்ணில் சொட்டியது அதைவிடத் தடித்த சத்தம். உயரத்தில், மேகம் தொட்ட இலைகளில், மழை விழுகிற மாதிரியே இல்லை. யாரோ பலர் ரகசியமாகப் பேசிக்கொள்வது போல் இருந்தது. தொப்பிக்குள் தன் மூச்சும் கேட்டது. ஒரு சின்ன அறைக்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டு, அந்த அறையையே தூக்கிக்கொண்டு நடப்பது போல் அவளுக்குத் தோன்றியது. உடம்பு காய்ந்திருந்தது. உலகம் முழுக்க நனைந்துகொண்டிருந்தது. கேட்ட காலடிகள் தன்னுடையவைதானா என்று சந்தேகம் வர, நின்று பார்த்தாள். சத்தமும் நின்றது. மறுபடி நடந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனாள் என்று தெரியாது. வெள்ளைக்குள்ளிருந்து ஆரஞ்சுச் சட்டை மறுபடி முளைத்தது. ரொஸ்னா திரும்பிப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தாள். மெஷினை மாட்டிவிட்டதை மேலே போனதும் சொல்லி அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஷர்மினி வாயை மூடிக்கொண்டு இரண்டு படி பின்னால் வந்தாள்.

ரொஸ்னா பேசத் தொடங்கினாள். திரும்பவில்லை. படிகளைப் பார்த்துக்கொண்டே, மழைக்கு மேல் கேட்கும் குரலில் பேசினாள்.

"ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு ரெண்டு மாசமா யோசிக்கிறேன் ஷர்மி. பஸ்ல ஏறுறப்பல்லாம் இன்னைக்கு சொல்லிரணும்னு நெனைக்கிறேன். ஒன் மூஞ்சப் பாத்தா வரமாட்டேங்குது."

பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் இவ்வளவு தெளிவாக ஒரு பேச்சைக் கேட்டு ஷர்மினிக்குப் பழக்கமில்லை. அது ரொஸ்னாவின் வாயிலிருந்து வருகிறதா, மழையிலிருந்து வருகிறதா என்றே ஒரு கணம் பிடிபடவில்லை.

"ஹமீதுக்கு கோத்தா கினபாலுவுக்கு மாத்தல் வந்துருச்சு. ஆகஸ்டுல போறோம். திரும்பி வர்ற மாதிரி இல்ல. அதான் அந்த மலையைச் சொன்னேன். வேற மலையா இல்ல? நீ ஒருதடவை வந்து அந்த ஊரைப் பாத்துட்டா, எனக்கு அது அவ்ளோ அன்னியமா இருக்காதுன்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரத்தனம்தான்."

ஷர்மினி நின்றுவிட்டாள். ரொஸ்னா இன்னும் நாலு படி ஏறினாள்.

"அக்கா."

ரொஸ்னா திரும்பினாள்.

"எனக்குக் கேக்குது" என்றாள் ஷர்மினி. அவள் மழைத்தொப்பியின் ஓரத்தை விரலால் விலக்கி, உள்ளே மெல்லிய துணிக்கடியில் புடைத்திருந்த மெஷினைத் தொட்டுக் காட்டினாள்.

ரொஸ்னாவின் முகம் எப்படி மாறியது என்று மேகத்தில் சரியாகத் தெரியவில்லை. "எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா யோசிக்கிறேன்னு சொன்னீங்களே, அப்பலேருந்து."

இருவரும் மழையில் நின்றார்கள். கோபம் வருமென்று ஷர்மினி எதிர்பார்த்தாள், வரவும் வந்தது. "பஸ்ல அத்தனை பேருக்கும் தெரியுமா? எனக்குத்தான் கடைசியா?" என்று கேட்டாள். குரல் தனக்கே கடுமையாகக் கேட்டது.

"யாருக்கும் தெரியாது. மொதல்ல ஒன்கிட்டத்தான் சொன்னேன். இப்பத்தான்" என்றாள் ரொஸ்னா.

இருவரும் மறுபடி ஏறினார்கள். எண்பத்து நாலாம் எண் ஓய்விடத்தில், மலைப்பாதையும் ஜீப் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஏறி வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். மழைக்கு வேறு யாரும் வரவில்லை போலும். அவர்களைக் கண்டதும் கேட்காமலேயே இரண்டு குவளையில் பால் கலக்காத தே ஓ ஊற்றி வைத்துவிட்டு, தன் வானொலிப் பக்கம் போய்விட்டார். இருவரும் மழைச்சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார்கள். ஷர்மினியின் உள்சட்டையில் முதுகில் மட்டும் கையகல ஈரம் இருந்தது. மற்றபடி காய்ந்திருந்தாள். குவளையின் சூட்டில் விரல்களை வைத்துக்கொண்டபோதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"அக்கா, பஸ் ஸ்டாப்புல மழை பெய்யும்போதும் இப்படித்தான் பேசுவீங்களா? நான் மெஷினைக் கழட்டுனப்பறம்?"

ரொஸ்னா குவளைக்குள் பார்த்தாள். "ம்."

"ஒன்பது வருஷமா?"

"எல்லா மழையிலயும் இல்ல."

"என்ன சொன்னீங்க?"

ரொஸ்னா குவளையைக் கீழே வைத்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். ஷர்மினியைக் குழுத் தலைவியாக்கியபோது ஒரு வாரம் பொறாமையில் தூங்காததைச் சொன்னதாகச் சொன்னாள். பட்டர்வொர்த்தில் தன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, ஃபெரியில் போகும்போதெல்லாம் அது கரைக்கு மெதுவாகப் போனால் தேவலை என்று நினைத்ததைச் சொன்னதாகச் சொன்னாள். அப்புறம், "நாலு வருஷத்துக்கு முன்னால எனக்கு மூணு மாசத்துல கலைஞ்சு போச்சு. வீட்டுல யாருகிட்டயும் அழ முடியல. திங்கக்கிழமை வேலைக்கு வந்தேன், மழை. ஒன்கிட்ட சொன்னேன். நீ குடையை என் பக்கமா சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, என்னமோ ஜோக் சொல்றேன்னு நெனச்சு சிரிச்ச" என்றாள்.

ஷர்மினிக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. ரொஸ்னாவின் முகம் நனைந்திருந்தது. சாரல் என்று அவள் எண்ணிக் குடையைச் சாய்த்திருந்தாள்.

"நான் சிரிச்சேனாக்கா?"

"சிரிச்ச. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

"மெஷின் மாட்டியிருக்கும்போது சொல்லியிருக்கலாமே."

"காதுல கேட்டா நீ பதில் சொல்லுவல்ல. எனக்குப் பதில் வேணாமா இருந்துச்சு. சொல்றதுக்கு ஆளு மட்டும் வேணும்."

ஷர்மினி எழுந்து பெஞ்சில் அவளுக்கு நெருக்கமாக வந்து உட்கார்ந்தாள். பதில் சொல்ல வேண்டிய இடம் எத்தனையோ இருந்தது. அவற்றை விட்டுவிட்டு ரொஸ்னாவின் ஈரமான சட்டைக் கைப்பட்டியைப் பிரித்து, உள்ளே குளிர்ந்துபோயிருந்த மணிக்கட்டைத் தன் சூடான உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். கூரையில் மழை குறைந்து, சொட்டு சொட்டாக எண்ணும்படி ஆனது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வந்து குவளைகளை மறுபடி நிரப்பிவிட்டுப் போனார்.

"அக்டோபருக்கு நான் டிக்கெட் போடுறேன்" என்றாள் ஷர்மினி கடைசியில். "நீங்க ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போகணும். எனக்கு அந்த ஊர்ல யாரையும் தெரியாது."

ரொஸ்னா தலையை மட்டும் ஆட்டினாள்.

இறங்கிவிடலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உச்சிக்கு இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. மழைச்சட்டைகளை உதறிப் போட்டுக்கொண்டு ஜீப் சாலையில் மேல்பக்கமாகவே திரும்பினார்கள். மேகம் சாலையில் படுத்திருந்தது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. காலடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி வந்தது. இந்த முறை யாரும் முன்னால் போகவில்லை.

"வீடு பாத்தாச்சாக்கா?"

"மூணாவது மாடி. ரெண்டு ரூமு. அடுப்படி சின்னது, நான் திரும்புனா ஹமீது வெளிய போகணும்."

"சன்னல்?"

"இருக்கு. கடல் தெரியுமாம், ஒரு பக்கமா எட்டிப் பாத்தா."

"அப்பறம்?" என்றாள் ஷர்மினி.

ரொஸ்னா சொல்லிக்கொண்டே வந்தாள்: துணி காயப்போட இடமில்லாததை, கீழே இருக்கும் மீன் கடையை, பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கும் கோழியை. சொட்டும் மரங்களுக்கு அடியில், வெள்ளையாய் மூடிக்கொண்ட சாலையில், ஷர்மினி ஒரு சொல்கூட விடாமல் கேட்டுக்கொண்டு நடந்தாள்.