பரவாயில்லைக்கு எத்தனை ஸ்டார்

ஜீவிதா வேலை பார்த்த கம்பெனி பூட்டு செய்கிற கம்பெனி. இரும்புப் பூட்டு அல்ல, கம்ப்யூட்டர் ஃபைலுக்குப் போடுகிற பூட்டு. பூட்டிய ஃபைல் பதிவு செய்த ஒரே ஒரு போனில்தான் திறக்கும். பிரிண்ட் எடுக்க முடியாது, இன்னொருவருக்கு அனுப்ப முடியாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கருப்பாக வரும், ஒரு வாரத்தில் தானாகவே செத்துப்போகும். கன்னடத்தில் பூட்டுக்கு 'பீக' என்று பெயர். அதையே சாப்ட்வேருக்கும் வைத்துவிட்டார்கள். தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று மைசூர் ஹெப்பாள் ஆபீசில் ஒரு ஆத்மாவும் யோசிக்கவில்லை. "என்ன கருமம்டி பேரு இது!" என்று ஜீவிதாவின் அம்மா முதல் நாளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பீகவைப் பயன்படுத்துகிறவர்களைப் போனில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறது, என்ன கஷ்டம், என்ன மாற்றலாம் என்று கேட்பது ஜீவிதாவின் வேலை. பேச்சைக் கேட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஸ்டார் போட வேண்டும். அந்த ஸ்டாரை வைத்துத்தான் சாப்ட்வேரைத் திருத்துவோம் என்று சொல்லித்தான் அவளை வேலைக்குச் சேர்த்தார்கள். மைசூரில் நாலைந்து கிளை வைத்திருந்த ஒரு ஸ்கேன் சென்டர் புதிதாக பீக வாங்கியிருந்தது. நோயாளிகளின் ரிப்போர்ட் எல்லாம் இப்போது பூட்டோடுதான் போகிறது. கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ் நோயாளிகளை எல்லாம் மேனேஜர் விஜய்குமார் அவள் தலையில் கட்டிவிட்டார். "நீதான தமிழ்ப் பொண்ணு, நீயே பேசு."

தமிழ்ப் பொண்ணுதான், யார் இல்லை என்றது? ஆனால் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் மைசூரில். வீட்டு வாசலைத் தாண்டினால் கன்னடம். அவளுக்குத் தெரிந்த மைசூரில் ஓட்டல் தோசையைத் தின்றுவிட்டு ஒருவர் 'பரவாகில்ல' என்று தலையை ஆட்டினால், தோசை நன்றாக இருக்கிறது, நாளைக்கும் வருவார் என்று அர்த்தம். அதனால் போனில் ஒவ்வொருவரும் "பரவாயில்லம்மா" என்று சொன்னபோதெல்லாம் அவள் யோசிக்காமல் நாலு ஸ்டார் போட்டாள். விஜய்குமாருக்கு வாயெல்லாம் பல்.

புதன்கிழமை மத்தியானம் நாச்சம்மாள் தானே கூப்பிட்டாள். ஹனூர் பக்கத்துக் கௌதள்ளிக்காரி. புருஷன் லிங்கப்பனை முதுகு ஆபரேஷனுக்காக மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். போன வாரம் ஜீவிதா அவளிடம் பேசி நாலு ஸ்டார் போட்டிருந்தாள்.

"ஏன் அம்மிணி, அன்னிக்கு அத்தன கேட்டியே, ஒண்ணும் பண்ணலியா?"

"என்னம்மா பண்ணணும்?"

"ஸ்கேனத் தெறந்து குடுங்கன்னு சொன்னனல்ல! வெள்ளிக்கெழம எங்கூட்டுக்காரருக்கு முதுகக் கீறப் போறாங்க. கீறாம மாத்தரையிலயே சரி பண்ணிப் போடலாமான்னு இன்னொரு டாக்டரம்மாகிட்டக் கேட்டமுங்க. ஸ்கேனப் பாக்காம வாயே தெறக்க மாட்டேங்குது அந்தம்மா. நாளைக்கு மத்தியானம் வரைக்குந்தான் இங்க உக்காரும். ஸ்கேன் எம் பையன் போன்லதான் தெறக்குது. பையன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலையில கெடக்கறான், சனிக்கெழமைக்கு முன்னால வுட மாட்டேங்கறாங்க. ஸ்கேன் சென்டர்ல கேட்டா உங்க கம்பெனியக் கேளுங்கறாங்க. உங்க கம்பெனியில கேட்டா ஸ்கேன் சென்டரக் கேளுங்கறாங்க. நான் என்ன பந்தா?"

"இன்னொரு ஸ்கேன்…"

"மறுக்கா அந்தாளத் தூக்கிப் பொரட்டச் சொல்றியா? பொரண்டு படுக்கறதுக்கே கத்தறாரு."

ஜீவிதா தடுமாறினாள். அப்புறம், சொல்லக் கூடாததைச் சொன்னாள்: "நீங்க பரவாயில்லன்னு சொன்னீங்களேம்மா. நல்லா இருக்குன்னு எழுதிட்டேன்."



"அடிப் பாவி! பரவாயில்லன்னா நல்லா இருக்குன்னா அர்த்தம்? நீயும் ஒண்ணும் பண்ண மாட்டீன்னு தெரிஞ்சுபோச்சு. புள்ள மூச்சு வாங்கப் பேசுதே, அதப் போயி எதுக்கு வையறதுன்னு பரவாயில்லன்னேன். நல்லா இருக்குதாம் நல்லா!"

போனை வைத்துவிட்டாள். ஜீவிதாவுக்கு முகம் சுட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பேச்சுகளின் பதிவை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். அன்றைக்குக் கேட்காதது இன்றைக்குக் கேட்டது. ஒவ்வொரு பரவாயில்லைக்கு முன்னாலும் ஒரு பெருமூச்சு. ஒருத்தர் "என்னமோ போங்க" என்று ஆரம்பித்து பரவாயில்லையில் முடித்தார். ஒரு அம்மா பாதி அழுகையில் சொல்லியிருந்தாள். அதற்கும் நாலு ஸ்டார்! தன்னைத் தானே நாலு அறை அறையலாம் போல இருந்தது அவளுக்கு.

நேரே விஜய்குமாரிடம் போனாள். அவரும் மைசூர்த் தமிழர்தான். அரைத் தமிழ், அரைக் கன்னடம், மிச்சம் இங்கிலீஷ். விஷயத்தைச் சொன்னாள். ஸ்டாரை எல்லாம் திருத்த வேண்டும், நாச்சம்மாள் ரிப்போர்ட்டை இன்றைக்கே திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றாள்.

"நாளைக்குக் காலைல ஸ்கேன் சென்டர் ஓனர் நஞ்சுண்டசாமி வராரு, எல்லா கிளைக்கும் கையெழுத்துப் போட. எல்லாரும் ஹாப்பின்னு ஸ்லைடு ரெடி. இப்பப் போய் ரிப்போர்ட் தெறக்கல, பேஷண்ட் திட்டறாங்கன்னு அவர்கிட்டக் கேட்டா என்ன ஆகும்?"

"ஆபரேஷன் சார். வெள்ளிக்கெழமை."

விஜய்குமார் கையை வீசினார். "ஒரு கேஸ்தான? பரவாகில்ல பிடு."

விடு என்கிறார். ஒரு ஆளின் முதுகை விடு என்கிறார். இன்றைக்கு அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஜீவிதா தன் இடத்துக்கு வந்தாள். நாளைக்கான ஸ்லைடுகளை நஞ்சுண்டசாமிக்கு அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. வழக்கமாகப் பெரிய மனிதர்களுக்குப் பூட்டு இல்லாமல்தான் அனுப்புவார்கள். அவள் பூட்டிவிட்டு அனுப்பினாள். நோயாளிகளுக்கு எப்படிப் போகுமோ, அதே பூட்டு, ஒரு திருகு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் நஞ்சுண்டசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம், அதிர்ந்து பேசாத மைசூர்க்காரர். கூடவே அவர் சென்டரின் தலைமை டாக்டர் சௌம்யா. காபி வந்தது. ஸ்லைடைப் பெரிய டிவியில் போடலாம் என்றார் விஜய்குமார். நஞ்சுண்டசாமி போனில் திறந்தார், டிவிக்கு அனுப்பினார், டிவி கருப்பாக நின்றது. சரி, எனக்கு அனுப்புங்கள் என்றார் சௌம்யா. அவர் போனில் திறக்கவில்லை. பிரிண்ட் எடுக்கலாமா என்றால் அதுவும் முடியவில்லை. நஞ்சுண்டசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணருகில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, சாய்த்துப் பார்த்தார். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. விஜய்குமாருக்கு ஏசியிலும் வேர்த்தது. அவர் ஜீவிதாவைப் பார்த்த பார்வையில் ஒரு கோழி வெந்திருக்கும்.

கடைசியில் நஞ்சுண்டசாமி பெருமூச்சு விட்டார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "பரவாகில்ல, நீவே ஹேளி" என்றார். பரவாயில்லை, நீங்களே வாயால் சொல்லுங்கள் என்று.

ஜீவிதா எழுந்து நின்றாள்.

"சார், ஈ பரவாகில்லக்கே எஷ்டு ஸ்டார் ஹாக்கலி?"

இந்தப் பரவாயில்லைக்கு எத்தனை ஸ்டார் போடட்டும் என்று கேட்டாள்.

"உங்க பேஷண்ட் எல்லாரும் இதத்தான் சொன்னாங்க, சார். நான் நாலு போட்டேன். அந்த நாலுதான் உங்க போன்ல இருக்கு, உங்களாலயே படிக்க முடியல" என்று கன்னடத்தில் தொடர்ந்தாள். நாச்சம்மாளைச் சொன்னாள், லிங்கப்பன் முதுகைச் சொன்னாள், பெங்களூரில் இருக்கிற போனைச் சொன்னாள். மத்தியானத்தோடு அந்த இன்னொரு டாக்டரம்மா எழுந்து போய்விடுவார் என்பதையும் சொன்னாள்.

"ஜீவிதா!" விஜய்குமார் தமிழுக்குத் தாவினார், யாருக்கும் புரியாது என்று நினைத்து. "உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். பயன்படுத்தறவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்றதுதான் என் வேலை. அதத்தான் இப்பச் செஞ்சுட்டு இருக்கேன்."

நஞ்சுண்டசாமி கவிழ்த்து வைத்த போனைப் பார்த்தபடி இருந்தார். முதலில் வாயைத் திறந்தது சௌம்யாதான். "சார், நாளைக்கு நமக்கே ஒரு ரிப்போர்ட் வேணும்னா?" என்றார், அவ்வளவுதான். நஞ்சுண்டசாமி போனை எடுத்துத் தன் சென்டரைக் கூப்பிட்டார். பேஷண்ட் பேரைச் சொல்லி, பூட்டு இல்லாமல் ஒரு காப்பி அந்தம்மாள் போனுக்கு இந்த நிமிஷமே போக வேண்டும் என்றார். கையெழுத்து மட்டும் போடவில்லை. பூட்டின் சாவி நோயாளி கையில் இருக்கிற மாதிரி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து போனார்.

விஜய்குமார் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாளைக்கு இந்த நாற்காலி தனக்கு இருக்குமோ இருக்காதோ, ஜீவிதாவுக்குத் தெரியாது. இருக்கிறவரைக்கும் வேலை பார்க்கலாம் என்று உட்கார்ந்து, நாலு ஸ்டார்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

மத்தியானம் அவளே நாச்சம்மாளைக் கூப்பிட்டாள்.

"வந்துருச்சு அம்மிணி! டாக்டரம்மா பெரிய டிவியில போட்டுப் பாத்துட்டு இருக்குது. கீறணுமா வேண்டாமான்னு இன்னுஞ் சொல்லல. எதுவா இருந்தாலும் இனிப் பாத்துச் சொல்லுமல்ல."

"அன்னிக்குத் தப்பா எழுதிட்டேன்மா. இப்பச் சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறேன். எங்க பூட்டு எப்படி இருக்கு?"

"பரவாயில்லன்னு இனி என் வாயில வராது, போ" என்றாள் நாச்சம்மாள். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், டாக்டர் அறை முழுக்கக் கேட்கும்படியே சொன்னாள்: "முதுகு எங்கூட்டுக்காரருது. வலி அவுருது. பூட்டு மட்டும் உங்களுதா? இத எழுதிக்கோ."

ஜீவிதா ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொண்டாள். ஸ்டார் போடுகிற கட்டத்தைக் காலியாகவே விட்டு, விஜய்குமாருக்கு அனுப்பினாள். இந்த முறை பூட்டாமல்.