ஜெயினம்பு வீட்டு ஹாலில் அடித்த வெயில்

1988ஆம் வருஷம் ஐப்பசி கடைசியில், கூனிமேடு முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயினம்பு வீட்டு ஹாலில் மட்டும் காலை பத்தரை மணியிலிருந்து மூன்று மணி வரை சித்திரை மாதத்து வெயில் அடித்தது. அன்று மீன் வரத்து இல்லை. கத்தரிக்காய் சுமாராக வந்திருந்தது. வெயிலுக்குக் காரணமானவன் மரக்காணம் உப்பளத்தில் கூலிவேலை செய்யும் இருசப்பன். வேண்டுமென்று செய்ததல்ல.

ஜெயினம்புவின் புருஷன் குத்புதீன் சவூதியில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்த மகள் ஷஹானாவின் நிக்காஹ் நடந்தபோது கரண்ட் போய், மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலி என்று நினைத்து, பிரியாணிக்கு ஊற்றும் தால்சா அண்டாவில் உட்கார்ந்துவிட்டார். தால்சா ஆறியிருந்தது, அதனால் ஆஸ்பத்திரிச் செலவு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மனுஷன் கூனிமேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இளையவள் ஜுவைரியாவுக்குக் கோட்டக்குப்பத்தில் நியாஸ் என்கிற பையனைப் பேசி முடித்ததும் குத்புதீன் கடிதம் போட்டார்: பந்தலுக்கு முன்னால் இன்வெர்ட்டர் வாங்கு. கிளியனூரில் இன்வெர்ட்டர் பெட்டியைத் தானே கட்டிக் கொடுக்கும் பஞ்சநாதன் என்ற மெக்கானிக்கை ஜெயினம்பு வரவழைத்தார்.

"எத்தனை லைட்டு எரியணும்மா?" என்றார் பஞ்சநாதன்.

"எல்லாம்."

"எல்லாம்னா கிரைண்டரு, ஃபிரிட்ஜும் சேத்தா? அதுக்கு மின்சார ஆபீசையே தூக்கிட்டு வரணும்."

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு நாற்காலி எது, அண்டா எதுன்னு தெரியணும். அவ்ளோதான்."

அப்படியானால் நாலு டியூப் லைட், ரெண்டு ஃபேன் போதும் என்று பஞ்சநாதன் கணக்குப் போட்டார். லாரி பேட்டரி சல்லிசாகக் கிடைக்குமே என்று ஜெயினம்பு கேட்டதற்கு, "லாரி பேட்டரி ஒரே தம்முல எல்லாத்தையும் குடுத்துட்டுப் படுத்துக்கும். வீட்டுக்கு நின்னு நெதானமா குடுக்கறது வேணும்" என்றார். ஜெயினம்பு திண்டிவனத்துக்கே போய், கடையில் இருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, பலாப்பழம் வாங்குவதுபோல் எது இடுப்பைப் பிடித்ததோ அதை வாங்கினார். உள்ளே தகடு கனமாக இருப்பதுதான் கனக்கும் என்பதால் அதுவே சரியான தேர்வு என்று பஞ்சநாதனும் ஒப்புக்கொண்டார். பிறகு பராமரிப்பைச் சொன்னார். உப்புக்காற்றில் முனையில் பச்சையாகப் பூக்கும், துடைத்து வாசலின் தடவ வேண்டும். காற்றாடும் இடத்தில் வைக்க வேண்டும். பாட்டிலில் விற்கும் பேட்டரித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது. வாரம் ஒருமுறை கண்ணாடிக் குழாயில் ஆசிடை உறிஞ்சிப் பார்த்தால் உள்ளே மிதவை 1250 என்கிற கோட்டில் நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தால்தான் இருசப்பன் உள்ளே வந்தான். உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் உப்பாகும் பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கிறதும் இப்படியொரு மிதவைக் குழாயில்தான். இருபது வருஷமாக அதைப் பிடித்த கை அவனுடையது. ஐப்பசி பிறந்தால் அளம் தண்ணீருக்குள் போய்விடும், தை வரை வேலை கிடையாது. போன வருஷ மழையில் அவனும் அவன் பெண்டாட்டி பொன்னியும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே மூன்று மாதத்தைத் தள்ளினார்கள். இந்த வருஷம் ஜெயினம்பு அவனைக் கூப்பிட்டு, தை வரைக்கும் பேட்டரியைப் பார்த்துக்கொள், கூலியும் மத்தியானச் சோறும் தருகிறேன், கல்யாணத்தன்று லைட் அணைந்தால் மட்டும் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லியிருந்தார். ஆக, அந்த மழைக்காலத்துக்கு இருசப்பன் வீட்டு அடுப்பு அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. பேட்டரியைக் கொசு கடிக்கிறதா என்று பார்க்காததுதான் பாக்கி என்று பொன்னி ஏசினாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மிதவை 1180க்கு இறங்கியது. மழையில் கரண்ட் பாதி நேரம் வரவில்லை, வந்தபோதும் மாடவிளக்குபோல் மினுக்கியது. பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் இருசப்பனுக்குத் தெரிந்தது பாத்தி. பாத்தியில் டிகிரி இறங்கினால் கனத்த தண்ணீரை விட்டு ஏற்றுவார்கள். பஞ்சநாதனைக் கேட்கலாமென்றால், ஓடையில் தண்ணீர் புரண்டு கிளியனூருக்குப் போக வழியில்லை. அவன் குழாயை எடுத்துக்கொண்டு மழையிலேயே அளத்துக்கு நடந்தான். உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை அங்கே கொட்டகைத் தொட்டியில் மூடி வைத்திருந்தார்கள், அதை வாங்குகிற லாரி அந்த வருஷம் வரவில்லை. தை முதல் ஆவணி வரை வெயிலைத் தவிர வேறெதையும் சாப்பிடாத தண்ணீர் அது. குழாயை விட்டுப் பார்த்தான். மிதவை 1250 கோட்டில் குருவி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு கேன் பிடித்துக்கொண்டு வந்து, பேட்டரியின் ஆறு வாயிலும் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு இதை ஊற்றி மூடினான். மூடிய பிறகுதான் பஞ்சநாதன் சொன்னது ஞாபகம் வந்தது. பொன்னியிடம் சொன்னான். "வாயத் தொறந்த, மறுபடியும் மரவள்ளிதான்" என்றாள் அவள்.

கல்யாணத்தன்று பள்ளிவாசல் ஹஜ்ரத் நிக்காஹ் குத்பா ஓத ஆரம்பித்ததும் கரண்ட் போனது. பின்கட்டில் பேட்டரி பக்கத்தில் நின்ற இருசப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். மூடிய இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. ஹாலில் நாலு டியூப் லைட்டிலிருந்தும் உச்சிவெயில் இறங்கியிருந்தது. நூற்றறுபது பேருடைய நிழலும் அவரவர் காலடியில் சுருண்டு கிடந்தது. ஹஜ்ரத் ஒரு நிமிஷம் நிறுத்தி, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மூலையில் சாத்தியிருந்த ஈரக் குடைகள் காய்ந்து மொடமொடத்தன, அவற்றையே எடுத்துப் பெரியவர்கள் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடுவதற்குள் மாப்பிள்ளை நியாஸ் இரண்டு வாரம் அளத்தில் நின்றவன்போல் கறுத்துவிட்டான்.

"எம்புள்ள வெள்ளையாத்தானே வந்தான்?" என்றாள் அவன் அம்மா.

"கறுத்தாலும் களையாத்தாங்க இருக்காரு" என்றார் ஜெயினம்பு, குடைக்குள்ளிருந்து.

ஷஹானா மாப்பிள்ளையின் பெரியப்பா கையில் டார்ச் லைட்டோடு வந்திருந்தார். பட்டப்பகல்போல் எரியும் வெயிலிலும் அவர் நாற்காலியில் டார்ச் அடித்துப் பார்த்து, கையால் ஒருமுறை தட்டிப் பார்த்து, பிறகு உட்கார்ந்தார். "இப்பதான் இது கல்யாண ஊடு" என்று சொல்லி, மூன்று வருஷம் கழித்துத் தால்சா கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

ஒரு மணிவாக்கில் இன்னொன்று நடந்தது. அத்தனை பேருடைய வேர்வையும் மொசைக் தரையில் வழிந்து, சரிவான பக்கமாகக் கூடி, வெயிலில் சுண்டிப் பூத்து வெள்ளையாக உறைந்தது. விளைந்த உப்பை மிதிபட விடுகிறவன் இல்லை இருசப்பன். பயமெல்லாம் கைக்குத் தெரியாது. ஓடிப்போய் உப்பு வாரும் பலகையைக் கொண்டுவந்து, பந்தி நடக்கும்போதே இழுக்க ஆரம்பித்தான்.

"கால கொஞ்சம் தூக்குங்க பாய்."

"ஏம்பா, சாப்புட்றோம்ல?"

"சாப்புடுங்க. காலத்தானே தூக்கச் சொன்னேன்."

வந்தவர்கள் வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டு பிரியாணி தின்றார்கள். அரை மூட்டை தேறியது. மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது, ஹாலில் வெயில் சட்டென்று சாய்ந்தது. சம்பந்தக்காரர்கள் சந்தோஷமாக மழையில் நனைந்துகொண்டு பஸ் ஏறினார்கள்.

எல்லாரும் போன பிறகு இருசப்பன் ஜெயினம்பு முன்னால் வந்து நின்றான். "பாயம்மா, பேட்டரியில அளத்துக் கசப்புத் தண்ணிய ஊத்திட்டேன். எம்மேலதான் தப்பு. பெட்டி இனி தேறாது. நாளையிலேருந்து நான் வரல."

ஜெயினம்பு தரையில் கிடந்த ஒரு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "தொட்டியில இன்னும் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் பஞ்சநாதன் வந்து மூடிகளைத் திறந்து பார்த்து, தகடெல்லாம் அரித்துக் கொட்டிவிட்டது, இது செத்த பேட்டரி, குண்டு பல்பு கூட எரியாது என்று அடித்துச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அவர் தோள் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு, வாசலின் தடவுவதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கார்த்திகைக்குள் தெருவே கருவாட்டையும் வடகத்தையும் பள்ளிக்கூடத்து யூனிபாரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தது. மார்கழியில் ஹாலை நாலு பாத்தியாக வரப்பு கட்டி, பொன்னியையும் அளத்துப் பெண்கள் ஐந்து பேரையும் ஜெயினம்பு வேலைக்கு வைத்துக்கொண்டார். மறு வருஷம் குத்புதீன் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். பெட்டியை இறக்கி வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தவர், "பதினோரு வருஷம் அங்க காஞ்சது பத்தாதா?" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மழையில் உட்கார்ந்துகொண்டார். மழைக்காலத்தில் இப்போதும் அவருக்கு அங்கேதான் நாற்காலி போடுகிறார்கள்.

இருசப்பன் ஆவணி முடிந்ததும் இரண்டு கேன் கசப்புத் தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறான். ஐப்பசி முதல் தை வரை கரண்ட் போனதும் ஆட்கள் பாத்தியில் இறங்குவார்கள். கரண்ட் வந்ததும் பலகையைக் கழுவிச் சாத்திவிட்டு, கோணிப்பையைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் வீட்டுக்குப் போவார்கள்.