வால்வில் போட்ட எண்ணெய்

அவள் வீட்டு வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்தபோது மாமனார் தையல் மெஷின் எண்ணெய்க்குப்பியை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு பளபளவென்று இருந்தது.

"மாமா, இதுக்கா எண்ணெய் போட்டீங்க?"

"ஆமாம்மா. இறுகிப்போய்க் கெடந்துச்சு."

ஐயோ, இந்த மனுஷரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! கதவுக் கீல், மின்விசிறி, எது கீச்சென்றாலும் குப்பியோடு வந்துவிடுவார். போகட்டும், அது கீல். இது ஆக்சிஜன். எண்ணெய்க் கையோடு இதன் பக்கமே வராதீர்கள் என்று எத்தனை நாள் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருப்பாள்!

"வெடிச்சிடும் மாமா!"

"எப்படி? தீக்குச்சியா கிழிச்சேன்? ஆஸ்பத்திரியில இதைத்தானே மூக்குல வெக்கறாங்க?"

"தீக்குச்சியே வேணாம். திறந்ததும் கேஸ் வேகமா வந்து, வாயில மாட்டற ரெகுலேட்டர்ல முட்டும். அழுந்தற அழுத்தத்துலயே சூடாயிடும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடல? சும்மா காத்துல பேசாம கெடக்கற எண்ணெய், சுத்த ஆக்சிஜன்ல அந்தச் சூட்டுக்கே குப்புனு பத்திக்கும்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "காலையில உன் புருஷன் வேலைக்குன்னு வண்டியில இன்னொரு சிலிண்டர் ஏத்தினானே, அதுக்கும்தான் போட்டேன். அவன் இப்படியா குதிச்சான்?"

"அவருக்குத் தெரியுமா?"

"அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அவள் போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். மணி முழுதும் அடித்து ஓய்ந்தது. பாழாய்ப்போன போன்! மறுபடி போட்டாள்.

"என்ன? எல்லாம் மாட்டியாச்சு, திறக்கப்போறேன். சீக்கிரம் சொல்லு."

"திறக்காதீங்க! வால்வுல எண்ணெய் இருக்கு!"

"கேஸ்காரன் எண்ணெய் போட்டா அனுப்புவான்? எப்பப் பார்த்தாலும் உனக்கு ஒரு பயம்."

"உங்கப்பாதான்..."

"ஆரம்பிச்சிட்டியா? வீட்டுல எது நடந்தாலும் அப்பா தலையிலதான் போடுவ. கான்ட்ராக்டர் இங்க கத்திக்கிட்டு நிக்கறான், வெச்சுடு."

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. போனை மாமனார் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க. உங்க பிள்ளை உங்க பேச்சைத்தானே கேப்பாரு!"

அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மகன் முன்னால் தன் தப்பை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர்.

"திறக்கறேன், வெச்சுடறேன்" என்றது போன்.

"டேய், கையை எடுடா!" பட்டறையே அதிர்ந்தது. "நான்தான்டா போட்டேன். அவ சொன்னது சரிடா. புத்திகெட்டுப் போய் நான்தான் போட்டேன்."

அந்தப் பக்கமிருந்து மெல்ல, "எடுத்துட்டேன்ப்பா" என்று கேட்டது.