ஒரு அடி

"குதிகாலோட ஒட்டிப் பிடிங்க, நழுவுது," என்றாள் மகள்.

கணவர் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, டேப்பின் நுனியை மாமனாரின் குதிகாலில் வைத்து அழுத்திக்கொண்டார். அவள் டேப் சுற்றியிருந்த தோல் உறையைத் தலைமாட்டுவரை இழுத்துக்கொண்டு போய், அப்பாவின் உச்சந்தலைக்கு நேராக விரலை வைத்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனில் தெருமுனைத் தச்சர் காத்திருந்தார். சவப்பெட்டிக்கு அளவு வேண்டும். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

"ஆறு அடி ஆறு அங்குலம், அண்ணே."

போனில் இழைப்புளிச் சத்தம் நின்றது.

"யாரு, நம்ம சாருக்கா? அலமாரி மேல்தட்டு எட்டலன்னு என்னை ரெண்டு தடவ வரவெச்சு இறக்கி அடிக்கச் சொன்ன மனுஷன்மா அவரு. ஆறரை அடி இருந்தா எதுக்கு எட்டாம போகுது? சரியாப் பாருங்க. பெட்டியைப் பெருசா அடிச்சுட்டா உங்க மாடிப்படி வளைவுல திரும்பாது."

"பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

கட்டடக் கலை வரலாற்றை முப்பது வருடம் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தவரின் வீட்டு மாடிப்படி, ஆள் ஒருக்களித்து ஏறும் அகலம்தான். வாங்கும்போது இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்டால், "படியைப் பத்தி எழுதறவன் வேற ஆளு, நான் சுவரு," என்பார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரும் சுவர் சார்தான்.

டேப்பைக் கையில் சுருட்டும்போதுதான் அவள் நுனியைப் பார்த்தாள். பழைய துணி டேப். முதல் ஒரு அடி நைந்து போனதால் அதைக் கத்தரித்து எறிந்துவிட்டு, பிசிறு வராமல் இருக்க அம்மா கறுப்பு நூலால் ஓரம் அடித்துக் கொடுத்தது. தையலை ஒட்டி அச்சாகியிருந்த முதல் எண்ணே ஒன்று. இந்த டேப்பில் எதை அளந்தாலும் ஒரு அடி கூடுதலாகத்தான் காட்டும். ஒன்றைக் கழித்தாக வேண்டும். பத்து வயதில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் இதைச் சொல்லியிருப்பாள்.

ஒரு அடி. கழிக்க வேண்டும்.

அவள் அப்பாவின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்றுக் காலையிலிருந்து அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தால் "ஒரு அடி". உதட்டைத் தண்ணீரால் நனைத்தால் அதற்கும் "ஒரு அடி". வீட்டில் ஆளுக்கு ஒரு பொருள் சொன்னார்கள். அப்பாவின் அக்காவான அத்தைக்குச் சந்தேகமே இல்லை.

"சின்ன வயசுல உன்னை ஒரே ஒரு அடி அடிச்சான்டி, அவன் வரைபடத்துல கப்பல் செஞ்சதுக்கு. அதுதான் மனசுல கிடந்து உறுத்துது. வலிக்கலப்பான்னு சொல்லிடு, பாவம்."

அவளும் போய் அப்பாவின் காதருகே குனிந்து, "வலிக்கலப்பா," என்றாள். அப்பா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கணவருக்கு வேறு யோசனை. ஒரு அடி எடுத்துவைத்து நடக்க ஆசைப்படுகிறார் என்று இரண்டு பக்கமும் தாங்கி உட்காரவைத்துப் பார்த்தார்கள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இரவு பதினொரு மணி இருக்கும். அவள் சிறுநீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கழிச்சாச்சா?"

பையைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். "ஆச்சுப்பா. எல்லாம் ஆச்சு."

"அப்பாடா," என்றார்.

அவ்வளவு தெளிவாக அவர் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. முகம் அப்படியே இளகிவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. விடிகாலை நான்கு மணிக்கு மூச்சு நின்றது.

"அளவு என்னாச்சு?" என்றார் கணவர்.

"நீங்க போய் நாற்காலி எல்லாம் இறங்கிடுச்சான்னு பாருங்க. நான் சொல்றேன்."

அவர் இறங்க, ஒருக்களித்து வழிவிட்டு ஆராய்ச்சி மாணவி ஏறி வந்தாள். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் வீட்டுக்கு வந்து படித்தவள். அவருடைய புத்தகத்தின் புதிய பதிப்பை அச்சுக்குத் தயார் செய்வதும் அவள்தான். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கட்டிலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, சார் ஒரு அடின்னு சொல்லிட்டே இருந்தாருன்னு அத்தை சொன்னாங்க. அடிக்குறிப்பா இருக்குமோ? நாப்பத்தேழாம் பக்கத்துல ஒரு அடிக்குறிப்பு போடணும், அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்னு மூணு மாசமா இழுத்துட்டே இருந்தாரு."

"நாப்பத்தேழுல என்ன இருக்கு?"

"சுவரு."

எந்தச் சுவர் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வீடு முப்பத்து நான்கு வருடமாக அந்தச் சுவரோடுதான் குடியிருந்தது. ஒரு பழைய நீதிமன்றக் கட்டடம். அதன் குறுக்குச் சுவர்கள் எல்லாம் நான்கு அடி இரண்டு அங்குலத் தடிமன். நீதிபதி அமரும் கூடத்துக்கும் மக்கள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவர் மட்டும் ஐந்து அடி இரண்டு அங்குலம். கூரையைத் தாங்க அவ்வளவு தேவையில்லை. பின்னே எதற்கு? வெளியே அழுகிறவர்களின் குரல் உள்ளே கேட்கக் கூடாது என்பதற்கு, என்றார் அப்பா. யாருக்குக் காது கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் இருப்பது என்று முடிவு செய்கிற ஏற்பாடுதான் கட்டடம் என்று அதிலிருந்து ஒரு கோட்பாடு கிளம்பியது. கேளாச் சுவர் என்று அதற்குப் பெயர். முதலில் கட்டுரையாக வந்தது, பிறகு புத்தகமானது, அந்தப் புத்தகத்தால் பேராசிரியர் பதவி வந்தது. அப்பா அளந்துவிட்டு வந்த ஆறாம் மாதம் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். திரும்பிப் போய் அளக்க இனி யாராலும் முடியாது.

அன்று டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது பத்து வயது மகள்தான்.

"அந்த அளவு நோட்டு எங்க இருக்கு?"

"மேசை இழுப்பறையிலதான். நான் பாத்தேன்க்கா, ஆனா சார் கையெழுத்து ஒண்ணும் விளங்கல."

மருந்துக் கடையில் இருபது வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவளுக்கு அப்பாவின் கையெழுத்து ஒரு பொருட்டே இல்லை. பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு எப்படி விழும் என்பது அவளுக்கு உடனே நினைவுக்கு வந்தது. நுனியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்ததும் அவள் "கழி!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டு அப்பா மறுமுனையில் ஒன்றைக் கழித்து எழுதி, கழித்ததற்கு அடையாளமாகக் கோடு போடுவார். புது டேப் வாங்குங்களேன் என்று அம்மா சொன்னால், "புதுசு நீளும். இது நீள வேண்டியதெல்லாம் நீண்டு முடிச்சுடுச்சு," என்பார். அவளிடம் சொன்னது வேறு. "கட்டடத்தைப் பாத்தா எனக்குக் கணக்கு மறந்துடும்மா. உன் தொண்டையைத்தான் நம்பியிருக்கேன்."

அந்தச் சுவருக்கு நேராக ஐந்து அடி இரண்டு அங்குலம் என்று எழுதியிருந்தது. கோடு இல்லை.

கோடு இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதன் கீழே நீல மையில் இன்னொன்று. அதற்கும் கீழே பால்பாயிண்ட் பேனாவில் ஒன்று. கடைசியாக ஒன்று நடுங்கிய கையால் போட்டது. கொக்கி மட்டும் இருந்தது, கீழே புள்ளி வைக்கவில்லை.

மாணவிக்கு அவள் விளக்கிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப அது நாலு அடி ரெண்டு அங்குலமா? மத்த சுவரு மாதிரி அதுவும் ஒரு சாதாரணச் சுவருதானா?"

"தெரியல. கழிச்சு எழுதிட்டுக் கோடு போட மறந்திருக்கலாம். இல்லன்னா நான் கத்தாம விட்டிருக்கலாம்."

"நீங்க கத்துனீங்களாக்கா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உத்தரத்தில் புறாக்கள் இருந்தன. தாகமாக இருந்தது. குமாஸ்தா ஒருவர் புளிப்பு மிட்டாய் கொடுத்தார். அதை வாயில் அதக்கிக்கொண்டே நின்றாள். வாயில் மிட்டாயோடு கத்தினாளா? எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கத்தினாளா? மிட்டாய் கிடைத்தது அந்தச் சுவரிடமா, அடுத்த அறையிலா? மிட்டாயின் புளிப்புகூட நாக்கில் வந்தது. தன் குரல் மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா அவளை அளக்கக் கூட்டிப்போகவே இல்லை. படிக்கிற பிள்ளைக்கு வெயில் எதற்கு என்றார். கணக்கு வராத பிள்ளை என்று விட்டுவிட்டார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இதற்காகவா? கல்யாணம்வரை ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து போயிருக்கிறாள். ஒரு நாள் கேட்டிருக்கலாமே! அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துக் கிடக்கிற மனுஷன்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அத்தை இரண்டு தம்ளரில் காப்பியோடு மூச்சு வாங்க ஏறி வந்து, பாதிப் பேச்சைக் கேட்டபடி வாசலில் நின்றாள்.

"ஏன் அத்தை, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அவரு?"

"கேட்டா நீ சொல்லிடுவியே. அதான் கேக்கல."

"எனக்குத்தான் ஞாபகமே இல்லையே!"

"அது அவனுக்குத் தெரியாதுல்ல." அத்தை தம்ளர்களை மேசைமேல் வைத்தாள். தம்பியின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "ஆறிடப்போகுது, குடிங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மாணவி காப்பியைத் தொடவில்லை.

"அக்கா, புத்தகம் திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. என் ஆராய்ச்சி மொத்தமும் அந்தச் சுவருமேலதான் நிக்குது. நாலு வருஷம்க்கா. நீங்க கத்துனேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அளவெடுத்தபோது உடனிருந்த மகள் உறுதி செய்தார்னு அடிக்குறிப்பு போட்டுடுறேன். யாரு வந்து கேக்கப்போறாங்க?"

ஒரு வார்த்தைதான். சொல்வதில் என்ன கஷ்டம்? கத்தியிருக்கவும் கூடும்தானே? அவள் அப்பாவைப் பார்த்தாள். நேற்று வந்த அந்த இளக்கம் இன்னும் முகத்திலேயே இருந்தது. சுவர் நிற்கிறது என்று நம்பிக்கொண்டு போயிருக்கிறார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் சிறுநீர்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து அவரு கேட்டாரு," என்றாள் கடைசியில். "என்ன கேக்குறாருன்னே புரியாம ஆச்சுப்பான்னுட்டேன். அவருக்கு அது போதும், போயிட்டாரு. தெரிஞ்சுகிட்டே இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது."

"அப்ப நான் என்ன எழுதறது?"

"கோடு இல்ல. கேள்விக்குறி நாலு இருக்கு. டேப் பிடிச்ச பிள்ளைக்கு ஞாபகம் இல்ல. அதை அப்படியே எழுது."

"புத்தகம் நிக்குமாக்கா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மாணவி குனிந்து நோட்டிலிருந்த கேள்விக்குறிகளை எண்ணினாள். போன் அடித்தது. தச்சர்தான்.

"பலகை அறுக்கணும்மா, நேரமாகுது."

"லைன்லயே இருங்கண்ணே." டேப்பின் தையல் போட்ட நுனியை மாணவியிடம் நீட்டினாள். "குதிகாலோட ஒட்டிப் பிடி."

அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு, சாரின் காலை முதல்முறையாகத் தொட்டாள். மகள் டேப்பை இழுத்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போய் விரலை வைத்தாள். ஆறு அடி ஆறு அங்குலம். போனை எடுக்காமல் நின்றாள்.

"பிடிச்சிட்டியா?"

"ம்."

"அப்ப சொல்லு."

"என்னன்னுக்கா?"

"கழின்னு."

மாணவி சாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "கழி," என்றாள், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

"கேக்கல."

"கழி!"

கீழே நாற்காலி இழுபடுகிற சத்தமும் பேச்சும் சட்டென்று நின்றன. யாரோ மாடிப்படியில் கால் வைத்துவிட்டு ஏறாமல் நின்றார்கள்.

"அஞ்சு அடி ஆறு அங்குலம், அண்ணே," என்றாள் போனில்.

"அதானே பாத்தேன்," என்றார் தச்சர். இழைப்புளிச் சத்தம் மறுபடி கிளம்பியது.

அவள் நோட்டைத் திருப்பி, கடைசியில் காலியாக இருந்த பக்கத்தில் அப்பாவின் பென்சிலால் அந்த அளவை எழுதினாள். எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள்.