உத்தரத்தில் குத்திய இருபது பவுண்டு

“எச்சிக்கையால காக்கா ஓட்டாதவன்” என்று நெவில் தன் அண்ணன் மால்கமைச் சொன்னது, அவர்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்று. கிரிம்ஸ்பி துறைமுகத்தில் பப் நடத்துகிற பொம்பளை நான். கறுப்பு உடுப்பில் பாதி ஊர் என் கடையில் நின்றிருந்தது. ஒருவன் எல்லோருக்கும் பியர் வாங்கினால் அடுத்த முறை அடுத்தவன் வாங்கவேண்டும். மால்கம் தன் முறை வந்தபோது கழிப்பறைக்குப் போய்விட்டான். பாவம், அன்றைக்கு அவனுக்கு வயிறு சரியில்லை.

திரும்பி வந்தவன் தம்பி சொன்னதைக் கேட்டான். இருபது பவுண்டு நோட்டை எடுத்து, பலகையில் எறிந்து விளையாடும் அம்பு ஒன்றால் தலைக்கு மேல் உத்தரத்தில் குத்தினான்.

“பெவ், இது இவன் குடிக்கறதுக்கு. வேற எவனும் தொடக்கூடாது.”

“தொங்கட்டும். செத்தாலும் தொடமாட்டேன்,” என்றான் நெவில்.

அதன்பிறகு அண்ணன் வெள்ளிக்கிழமை மட்டும் வருவான், தம்பி மற்ற நாளெல்லாம். ஒரே தெருவில்தான் வீடு. ஆனாலும் பேச்சில்லை. இரண்டு கழுதைகளையும் கட்டிவைத்து உதைத்திருக்கவேண்டும்.

காகித நோட்டெல்லாம் போய் பிளாஸ்டிக் நோட்டு வந்தபோது நெவிலுக்குக் கொண்டாட்டம். “எங்கண்ணன் குடுத்த காசப் பாத்தியா? செல்லாக்காசு” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டுவான். ஆனால் உட்காருவது மட்டும் அதற்குக் கீழேதான்.

போன நவம்பரில் மால்கமின் மகள் ஜானிஸ் நெவிலைத் தேடி இங்கே வந்தாள். மால்கமுக்கு நுரையீரலில் புற்றாம், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

“அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு சித்தப்பா. நீங்க அந்த பியரக் குடிச்சாச்சான்னு.”

நெவில் நாற்காலியில் ஏறி அம்பைப் பிடுங்கினான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, கிளாஸை எடுத்தேன்.

“நிறுத்து பெவ். இது செல்லாதே.”

“எனக்குச் செல்லும். ஊத்தறேன், குடி, ஓடு.”

“செல்லாத நோட்டுக்கு ஊத்துனா அது நீ போடற பிச்ச. அவன் காசுல குடிச்சேன்னு எப்பிடிச் சொல்வேன்?”

“சரி, உன் கணக்குல போட்டு எடு.”

“என் கணக்குல போனா அது என் காசு. லண்டன்ல பெரிய பேங்க்ல எப்பப் போனாலும் பழைய நோட்டக் கையில மாத்திக் குடுப்பானாம். கெடுவே கிடையாதாம்.”

“இருபது பவுண்டுக்கு லண்டன் டிக்கெட்டா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போடா கிறுக்கா.”

“இத்தன வருசம் கழிச்சு வெறுங்கையோட போகச் சொல்றியா? நாளைக்கு மாத்திட்டு வந்து, இங்க குடிச்சிட்டு, மீசையில நுரையோட அவன் முன்னால போய் நிப்பேன். சிரிப்பான் பாரு.”

மறுநாள் விடியுமுன்னே ரயிலேறிவிட்டான். மத்தியானம் ஜானிஸ் போன் செய்து அழுதாள். மால்கம் போய்விட்டான். நெவில் கைப்பேசி வைத்துக்கொள்ளாத ஜென்மம்; அந்த நேரம் லண்டனில் வரிசையில் நின்றுகொண்டிருந்திருப்பான்.

சாயங்காலம் மேல்கோட்டோடு உள்ளே வந்தான். புது நோட்டை என் முன்னால் வைத்தான்.

“ஓட்டையப் பாத்துட்டு பேங்க்ல இருந்த பொண்ணு ஒரு வார்த்த கேக்கல பெவ். சிரிச்சிக்கிட்டே மாத்திக் குடுத்துட்டா.”

அப்புறந்தான் அவனுக்காகக் காத்து என் பக்கத்தில் நின்ற ஜானிஸைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“ஊத்து,” என்றான்.

ஊற்றினேன். நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தான். மீசையில் நுரை. துடைக்கவில்லை. எனக்கு அவனைக் கன்னத்தில் அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் மிச்சச் சில்லறையை எடுத்து வைத்தேன். அவன் அதை என் பக்கமே தள்ளினான்.

“இது என் காசில்ல பெவ். நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே, அவன் வருவான். குடுத்துடு.”

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.